சாத்திய கதவும் சாவிக்கொத்தும்: நல்லதங்காள் கதையில் குடும்பம்

1

வேடசந்தூருக்குப் பக்கத்தில் அம்மா பிறந்த ஊரில், மாரியம்மன் கும்பிடு அன்றைக்கு ராத்திரி நாடகம் போடுவார்கள். மதுரையிலிருந்து ஸ்பெஷல் நாடகக்காரர்கள் வந்து இறங்குவார்கள். பெரும்பாலும் 'வள்ளி திருமணம்'தான். எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம் மழை இல்லை, கும்பிடே வேண்டாம் என்று பேச்சு அடிபட்டது. கடைசியில் கும்பிடு நடந்தது, நாடகம் 'நல்லதங்காள்'. எனக்கு அப்போது பத்து வயசிருக்கும். சாக்கு விரிப்பில் அம்மா மடியில் தலைவைத்துப் படுத்தபடி பார்த்தேன்.

அன்றைக்குப் பார்த்ததில் இரண்டு விஷயங்கள் மறக்கவில்லை. ஒன்று, பெண்கள் அழுத இடம். ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போடுகிற காட்சியில்தான் கூட்டம் கதறும் என்று நினைத்திருந்தேன். அந்தக் காட்சியில் கூட்டம் உறைந்துபோய் உட்கார்ந்திருந்தது. அழுகை அதற்கு ரொம்ப முன்னாலேயே வந்துவிட்டது. அண்ணன் வீட்டு வாசலில் பிள்ளைகளோடு நல்லதங்காள் நிற்க, உள்ளேயிருந்து கதவு சாத்தப்படுகிற இடத்தில் அழுதார்கள். இரண்டாவது, விடியக்காலம் வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மா பக்கத்து வீட்டுக்காரம்மாவிடம் சொன்னது: "அண்ணங்காரன் மட்டும் வீட்ல இருந்திருந்தா இப்படி நடந்திருக்குமாக்கும்?" அந்தம்மாவும், "அவன் இருந்தா ஏன் நடக்குது" என்றார்.

ஐம்பது வருஷமாக இந்த வாக்கியம் என்னோடு இருக்கிறது. இப்போது அதை நான் நம்புவதில்லை. அண்ணன் வீட்டில் இல்லாமல் போனது தற்செயலா, அல்லது அந்தக் கதை நடப்பதற்கு அவன் வீட்டில் இல்லாமல் இருந்தே ஆக வேண்டுமா? கதைப்பாடல்களைக் கொண்டு இடைக்காலத் தமிழ்க் குடும்பத்தைப் பற்றிப் பேச முடியுமா என்ற கேள்வி, எனக்கு இந்த ஒரு கேள்வியாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

2

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்றாலும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அர்ச்சுனாபுரத்து நல்லதம்பி ராசாவின் தங்கை நல்லதங்காள். மானாமதுரை காசிராசனுக்கு வாழ்க்கைப்பட்டு ஏழு பிள்ளை பெறுகிறாள். மானாமதுரையில் பன்னிரண்டு வருஷம் மழை இல்லை. விற்பதற்கு இருந்ததெல்லாம் விற்றாயிற்று. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு நடக்கிறாள். வழியில் காட்டில் வேட்டைக்கு வந்த அண்ணனைப் பார்க்கிறாள். அவன், "நீ முன்னால் போ, நான் வருகிறேன்" என்று அனுப்பிவைக்கிறான். வீட்டில் அவன் பெண்டாட்டி மூளி அலங்காரி கதவைச் சாத்துகிறாள். நல்லதங்காள் தன் கற்பின்மேல் ஆணையிடக் கதவு திறந்துகொள்கிறது. உள்ளே போனால் பிள்ளைகள் கையிலிருந்த பழத்தைப் பிடுங்குகிறாள் மதினி. மக்கிப்போன கேப்பையும், ஓட்டைப் பானையும், பச்சை விறகும் தருகிறாள். அந்தக் கேப்பையையும் எப்படியோ கூழாக்கினால், பானையை எட்டி உதைக்கிறாள். நல்லதங்காள் பாழுங்கிணற்றுக்குப் போகிறாள். அண்ணன் திரும்பி வந்து, நடந்ததை அறிந்து, பெண்டாட்டியைச் சுண்ணாம்புக் காளவாசலில் வைத்துக் கொல்கிறான், தானும் சாகிறான். பிறகு சிவனும் பார்வதியும் வருவதும், செத்தவர்கள் தெய்வமாவதும் வடிவத்துக்கு வடிவம் மாறுகிறது. விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்புக்குப் பக்கத்து அர்ச்சுனாபுரத்தில் இன்றும் கோயில் இருக்கிறது, அந்தக் கிணறு என்று காட்டப்படும் இடமும் இருக்கிறது.

இந்தப் பிரதிக்கு வயசு என்ன? பெரிய எழுத்துப் புத்தகங்களின் அட்டையில் 'புகழேந்திப் புலவர் இயற்றியது' என்று போட்டிருக்கும். அல்லி அரசாணி மாலைக்கும் பவளக்கொடி மாலைக்கும்கூட அதே பெயர்தான். நளவெண்பா பாடிய புகழேந்தி இவற்றைப் பாடியிருக்க முடியாது என்பது மொழிநடையைப் பார்த்தாலே தெரியும். ஊர் பேர் தெரியாத பாடகர்களின் சொத்துக்கு ஒரு புலவர் பேரில் பட்டா போட்ட காரியம் அது. வாய்மொழியாகப் பல நூற்றாண்டு அலைந்த கதை 19ஆம் நூற்றாண்டில் அச்சுக்குள் வந்து உறைந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) அதை மேடைக்குக் கொண்டுவந்தார். பிறகு சினிமா வந்தது. ஆக, நம் கையில் இருப்பது 14ஆம் நூற்றாண்டு ஆவணமுமில்லை, 17ஆம் நூற்றாண்டு ஆவணமுமில்லை.

அதனால் 'கதைப்பாடல் சமூகத்தின் கண்ணாடி' என்று நம் நாட்டார் வழக்காற்றுப் புத்தகங்களில் திரும்பத் திரும்ப வருகிற வாக்கியம் எனக்கு உதவாது. கண்ணாடி என்றால் எதிரே நிற்பதைக் காட்ட வேண்டும். இந்தக் கதை எதிரே நிற்கிற ஒன்றை மறைக்கிறது. மறைப்பதற்கு எவ்வளவு பாடுபடுகிறது என்பதிலிருந்துதான் மறைக்கப்பட்டது எது என்று தெரிகிறது. ந. வானமாமலை எழுபதுகளின் தொடக்கத்தில் முத்துப்பட்டன், கான்சாகிபு, ஐவர் ராசாக்கள் கதைகளை மதுரைப் பல்கலைக்கழகம் மூலம் பதிப்பித்தபோது, சாதி முரணும் அரசியல் முரணும் எழுந்து நிற்கிற கதைகளை நமக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். அது பெரிய காரியம். ஆனால் நல்லதங்காளில் சாதிச் சண்டை இல்லை, பாளையத்துச் சண்டை இல்லை. எனவே 'வறுமையின் கொடுமை', 'மதினி கொடுமை' என்று இரண்டு தலைப்பில் அடைத்துவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. குடும்பத்துக்குள் நடந்தால் அது முரண் இல்லை, கொடுமை. கொடுமை என்றால் அதற்கு ஒரு கெட்ட மனுஷி போதும். இந்தச் சுளுவான வழியைத்தான் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

3

முதலில் ராசா. நல்லதம்பி ராசா, காசிராசன் ராசா. ஆனால் ராசா வீட்டில் குலுக்கையின் சாவி பெண்டாட்டியின் இடுப்பில் இருக்கிறது. வாசலுக்குக் காவல் இல்லை, அவளே வந்து கதவைச் சாத்துகிறாள். சமைத்துப்போட ஆளில்லை. ராசாவின் தங்கை கேப்பை திரிக்கிறாள், அடுப்பு ஊதுகிறாள். அரண்மனை என்று சொல்லப்படுவது ஒரு பெரிய சம்சாரி வீடு.

இதைக் கிராமத்துப் பாடகனின் அறியாமை என்று தள்ள வேண்டியதில்லை. 16ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் ஆட்சி 72 பாளையங்களாக நாட்டைப் பகுத்தபிறகு, இந்தப் பக்கத்து மக்களுக்கு ராசா என்றால் யார்? திண்டுக்கல் சமவெளியைச் சுற்றி மட்டும் கன்னிவாடி, விருப்பாட்சி, இடையகோட்டை என்று எத்தனை பாளையங்கள். மலைமேல் 1605இல் கட்டப்பட்ட கோட்டை நாயக்கருடையது. 1755இல் அங்கே ஹைதர் அலி பௌஜ்தாராக வந்தார். 1792 உடன்படிக்கையில் கும்பினிக்குப் போனது. கோட்டைக்கு யார் வந்தாலும் ஊராருக்கு எட்டுகிற ராசா பத்துப் பதினைந்து ஊருக்குப் பெரியவன்தான். நிலமும், ஆளும், வேட்டை உரிமையும், வீட்டில் தானியமும் உள்ளவன். நல்லதம்பி அப்படிப்பட்டவன். 'ராசா' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'பண்ணையார்' என்று போட்டுப் படித்தால் கதையில் ஒரு வரிகூட இடறவில்லை. கதை சொல்வது அரண்மனையை அல்ல. கேட்கிறவர்களின் சொந்த வீட்டைத்தான் சொல்கிறது. கொஞ்சம் உயரத் தூக்கிவைத்துச் சொல்கிறது. அதனால்தான் சாக்கு விரிப்பில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு அது அந்நியமாக இல்லை.

4

அடுத்து பஞ்சம். பன்னிரண்டு வருஷம் மழை பொய்ப்பது பாட்டுக் கணக்கு. ஆனால் பஞ்சம் பாட்டு இல்லை. மேற்கே கொடைக்கானல் மலையும் கிழக்கே சிறுமலையும் நிற்க, நடுவில் குடகனாறு வறண்டு கிடக்கிற இந்தச் சமவெளியில் ஆறேழு வருஷத்துக்கொரு முறை மழை ஏமாற்றுவதைக் கிழவர்கள் வருஷப் பெயர் வைத்து நினைவு வைத்திருந்தார்கள். எல்லாவற்றிலும் பெரியது தாது வருஷம், 1876–78. சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கில் செத்தார்கள். பலர் கண்டிச் சீமைக் காப்பித் தோட்டத்துக்குப் போனார்கள். இந்தப் பக்கம் ரயில் வந்ததும் அதே எழுபதுகளில்தான். தானியம் இல்லாத ஊருக்கு ரயில் தானியம் கொண்டுவந்தது என்பது பாதி உண்மை. விலை எங்கே அதிகமோ அங்கே தானியம் ரயிலேறிப் போனது என்பது மறுபாதி.

அமர்த்தியா சென் 1981இல் எழுதிய பஞ்சம் பற்றிய புத்தகத்தின் சாரம் இதுதான்: பட்டினி என்பது உணவு இல்லாமல் போவது அல்ல, உணவின்மேல் ஒருவருக்கு உரிமை இல்லாமல் போவது. அவர் 1943 வங்காளத்தை வைத்து அதைக் காட்டினார். நல்லதங்காள் கதை அதை ஒரு வீட்டுக்குள் வைத்துக் காட்டியிருக்கிறது. மானாமதுரையில் தானியம் இல்லை, சரி. ஆனால் ஏழு பிள்ளைகளும் மானாமதுரையில் சாகவில்லை. காட்டைக் கடந்து, குலுக்கை நிறைந்திருக்கிற ஊருக்கு வந்து சேர்ந்து, அங்கேதான் சாகிறார்கள். பஞ்சம் இல்லாத ஊரில் நடந்த பட்டினிச் சாவு அது. மழையைக் காரணம் காட்டிய கதை, பாதி வழியிலேயே மழையைக் கைவிட்டுவிடுகிறது.

இன்னொன்றையும் வைத்துப் பார்க்கலாம். தாது வருஷப் பஞ்சத்தை வைத்துச் சிவகங்கைச் சமஸ்தான வித்துவான் வில்லியப்ப பிள்ளை 'பஞ்சலட்சணத் திருமுகவிலாசம்' பாடினார். மானாமதுரை இருக்கிற அதே சீமை. அதில் பஞ்சம் தாங்காத ஜனங்கள் மதுரைச் சொக்கநாதரிடம் முறையிட, அவர் சிவகங்கைத் துரைக்குத் திருமுகம் எழுதிக் கொடுக்கிறார். அங்கே பஞ்சம் வந்தால் முறையிடுவதற்குச் சாமி உண்டு, ராசா உண்டு, காகிதம் உண்டு. நல்லதங்காளுக்கு முறையிட ஒரே ஒரு வாசல்தான். ராசாவும் சாமியும் காகிதமும் அவளுக்கு அண்ணன்தான். ஒரு பெண்ணுக்கும் அரசுக்கும் நடுவில் எப்போதும் ஓர் ஆண்பிள்ளை நிற்கிறான். அவன் வேட்டைக்குப் போய்விட்டால் அரசே இல்லை.

5

அந்த வாசலில் என்ன நடக்கிறது? கதவு சாத்தப்படுகிறது. கற்பின் வலிமையால் திறக்கிறது. கேட்கிறவர்கள் கைகூப்புகிற இடம் இது. எனக்கோ கதையின் மிக விநோதமான இடம் இதுதான். மரக்கதவைத் திறக்கிற கற்புக்கு, அதற்கு நாலு அடி தள்ளி நிற்கிற குலுக்கையைத் திறக்க முடியவில்லை. கண்ணகியின் கற்பு ஊரைக் கொளுத்தியது. நல்லதங்காளின் கற்பால் ஒரு பானைக் கூழைக் காப்பாற்ற முடியவில்லை.

கற்பு எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்று கதை மிகத் துல்லியமாகக் கோடு போட்டிருக்கிறது. தன்னை நல்லவள் என்று நிரூபிக்கக் கற்பு போதும். வீட்டுக்குள் நுழையவும் போதும். உள்ளே இருப்பதில் ஒரு மரக்கால் எடுக்க மட்டும் போதாது. அதற்கு வேறொன்று வேண்டும், பங்கு. அவளுக்கு அது இல்லை. கதை முழுக்க நல்லதங்காள் ஒரு இடத்திலாவது "இது என் அப்பன் வீடு, எனக்கும் இதில் பாதி உண்டு" என்று சொல்கிறாளா? நான் கேட்ட, படித்த எந்த வடிவத்திலும் இல்லை. அவள் கெஞ்சுகிறாள், சபிக்கிறாள், ஆணையிடுகிறாள். பங்கு கேட்பதில்லை. பங்கு என்ற சொல்லே இல்லாமல் இவ்வளவு பெரிய துயரக் கதையைச் சொல்லி முடித்திருக்கிறார்கள் என்பதுதான், அந்தக் குடும்பத்தைப் பற்றி இந்தக் கதை தருகிற முதல் சான்று.

பெண்ணுக்குச் சொத்தே இருந்ததில்லை என்று சொல்லவரவில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் நிலமும் பொன்னும் கோயிலுக்குக் கொடுத்த பெண்கள் நிறைய உண்டு. பெண்ணோடு கொடுத்த சீதன நிலம் பற்றிய செய்தியும் உண்டு. ஆனால் அது பங்கு இல்லை. கொடை, சீர். பங்கு கேட்டு வாங்குவது, சீர் கொடுத்தால் வாங்குவது. கேட்க முடியாததைக் 'கொடுக்காமல் விட்டால் என்ன?' என்ற பயம்தான் இந்தக் கதையின் மூலக்கூறு.

6

சீர் என்ற ஏற்பாட்டை லூயி துய்மோன் இந்தப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பார்த்தவர். 1949–50இல் மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர் ஊர்களில் தங்கி, 1957இல் தன் பெரிய நூலை வெளியிட்டார். அவர் சொன்னதில் நமக்கு வேண்டியது இது: தென்னாட்டில் கல்யாணம் ஒருநாள் சம்பவம் இல்லை, தலைமுறை தாண்டி ஓடுகிற உறவு. அண்ணன் தங்கைக்குக் கொடுக்கிறான். தங்கையின் பிள்ளைக்குத் தாய்மாமனாகக் கொடுக்கிறான். மாமன் மடியில் வைத்துக் காது குத்துகிறார்கள். கடைசியில் மாமன் மகளை மருமகனுக்குக் கட்டிவைத்து, போன பெண்ணின் இடத்தைத் திரும்ப இன்னொரு பெண்ணால் நிரப்புகிறார்கள். சொத்தில் பங்கு இல்லாத பெண்ணுக்கு, அந்தப் பங்குக்குப் பதிலாக ஓர் உறவை ஆயுள் முழுக்க நீட்டிக் கொடுத்திருக்கிறார்கள். நம் ஊரில் 'பொறந்த வீட்டுச் சீர்' என்று சொல்லும்போது குரலில் ஏறுகிற பெருமை அங்கிருந்து வருவது.

நல்லதங்காள் கதை இந்த ஏற்பாடு எங்கே அறுந்துபோகும் என்று காட்டுகிறது. அர்ச்சுனாபுரத்துக்கும் மானாமதுரைக்கும் நடுவில் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். பத்து மைலுக்குள் பெண் கொடுத்து எடுக்கிற சமூகத்தில் இது ராசா வீட்டு வீம்பு. இவ்வளவு தூரத்தில் சீர் எத்தனை தடவை போகும்? அடுத்து, ஏழு பிள்ளைகள். ஏழு காதுகுத்து, ஏழு கல்யாணம், ஏழு தாய்மாமன் சீர். மூளி அலங்காரி வாசலில் பார்த்தது ஒரு நாத்தனாவை மட்டும் இல்லை. தன் குலுக்கையின்மேல் எழுதிக்கொடுக்காத ஏழு கடன் பத்திரங்களை. அவள் செய்தது கொடுமைதான். ஆனால் அந்தக் கணக்கை அவள் போடவில்லை. அந்த வீடு போட்ட கணக்கு அது.

இப்போது அண்ணனிடம் வருகிறேன். காட்டில் தங்கையைப் பார்க்கிறான். எலும்பும் தோலுமாய் ஏழு பிள்ளைகள். வேட்டையை விட்டுவிட்டுக் கூடவே போயிருக்கலாம். ஒரு ஆளை அனுப்பியிருக்கலாம். அவன் செய்தது, "முன்னால போ." ஏன்? கதை ஒரு காரணமும் சொல்வதில்லை, கேட்கிறவர்களும் கேட்பதில்லை. கூடப் போயிருந்தால் அவன் முடிவு செய்ய வேண்டியிருந்திருக்கும். தங்கை எத்தனை நாள் இருப்பாள்? ஏழு பிள்ளைக்கும் எதிலிருந்து சோறு? பெண்டாட்டிக்கு என்ன சொல்வது? அண்ணன் நல்லவனாகவே இருக்க வேண்டுமென்றால் இந்தக் கேள்விகளுக்கு முன்னால் அவனை நிற்கவைக்கக் கூடாது. எனவே கதையாடல் அவனைக் காட்டுக்கு அனுப்பிவைக்கிறது. கெட்ட முடிவை எடுக்கிற வேலை பெண்டாட்டியிடம் விடப்படுகிறது. முடிந்தபிறகு அவன் வந்து அவளைக் காளவாசலில் போட்டுத் தன் பாசத்தை நிரூபிக்கிறான்.

அவளுக்கு வைத்த பெயரைப் பாருங்கள். மூளி, அலங்காரி. மூளி என்றால் நகை இல்லாதவள், அறுத்தவள், குறைபட்டவள். அலங்காரி என்றால் நகை பூண்டவள். ஒரே பெயரில் இரண்டும். கட்டிய வீட்டில் சாவிக்கொத்தோடு நிற்கிற அலங்காரி, புருஷன் போனால் அடுத்த நாள் மூளி. அவள் கையில் இருக்கிற சாவியும் அவளுடையது இல்லை. அது தெரிந்ததால்தானே அவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறாள்?

7

இந்த வாசிப்பு ஒரு கதையை மட்டும் வைத்துச் செய்த வம்பு என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. திண்டுக்கல்லிலிருந்து திருச்சி ரோட்டில் போனால் மணப்பாறை, அதற்குப் பக்கத்தில் வீரப்பூர். அண்ணன்மார் சாமி, பொன்னர் சங்கர் கதையின் புண்ணிய பூமி. நம் மாவட்டத்தின் மேற்கு, வடக்குப் பகுதிகளில் அந்தக் கதை வழிபாடாகவே இருக்கிறது. பிரெண்டா பெக் கொங்குநாட்டில் பதிவுசெய்து ஆராய்ந்த கதை அதுதான்.

அங்கேயும் தங்காள் உண்டு. அருக்காணி என்றும் பெயர். ஆனால் அவள் கல்யாணமாகிப் போகாதவள். அண்ணன்மாருக்குக் கல்யாணமாகியும் பெண்டாட்டிகள் பேருக்குத்தான். வீட்டின் உயிர் தங்கையிடம் இருக்கிறது. அண்ணன்மார் போர்க்களத்தில் செத்தபின் தேடிப்போய் எழுப்புகிறவள் அவள்தான். அதற்கு முன்னால், பெக் பதிவுசெய்த வடிவத்தில், அண்ணன்மாரின் பெண்டாட்டிகள் இருந்த அரண்மனைக்குத் தங்கையே தீ வைக்கிறாள்.

இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றை மடித்து மற்றொன்று செய்ததுபோல் இருக்கிறது. ஒன்றில் தங்கை வீட்டைவிட்டுப் போகவில்லை, மதினிமார் எரிகிறார்கள். மற்றதில் தங்கை போய்விட்டுத் திரும்பி வருகிறாள்; தங்கை கிணற்றில், மதினி காளவாசலில். இரண்டிலும் ஒரே வீட்டில் அண்ணனின் பெண்டாட்டியும் அண்ணனின் தங்கையும் உயிரோடு சேர்ந்து இருக்க முடிவதில்லை. இரண்டிலும் அண்ணன்மேல் பழி விழுவதில்லை. அவன் வீரனாகவோ பாசக்காரனாகவோ செத்துச் சாமியாகிறான். இடைக்காலக் குடும்பம் பற்றிக் கதைப்பாடல் என்ன சொல்கிறது என்று கேட்டால், என் பதில் இந்த முக்கோணம். பிறப்பால் உரிமை கோர முடியாத ஒருத்தி, கல்யாணத்தால் உரிமை கிடைத்தும் அது நிலைக்குமா என்று தெரியாத ஒருத்தி, இரண்டு பேரும் ஒரே வாசற்படியில். நிலத்தின் பட்டா மூன்றாமவன் பேரில். அவன் ஊரில் இல்லை.

மழை பொய்த்தால் இங்கே கொடும்பாவி இழுப்பார்கள். வைக்கோலில் பெண் உருவம் செய்து, தெருத்தெருவாக இழுத்து, ஒப்பாரி வைத்துக் கொளுத்துவதைச் சின்ன வயசில் பார்த்திருக்கிறேன். மழை வராததற்குக்கூட ஒரு பெண் வேண்டியிருக்கிறது. மூளி அலங்காரி கதைக்குள் இழுக்கப்படுகிற கொடும்பாவி.

8

இதுவரை எழுதியது சுலபம். இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டம்.

அந்த நாடகம் பார்த்ததற்கு இரண்டு வருஷம் கழித்து, நத்தம் பக்கம் வாழ்க்கைப்பட்ட என் அத்தை மூன்று பிள்ளைகளோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அங்கே கிணறு வற்றி, கடலை கருகி, மாமாவுக்கும் வேலை இல்லை. முதல் இரண்டு நாள் கறி எடுத்தோம். ஐந்தாம் நாள் அம்மா அரிசிப் பானையைத் தகரப் பெட்டிக்குள் வைத்தாள். ஏழாம் நாள் பெட்டியில் பூட்டு தொங்கியது. அப்பா பட்டறையில் செய்த மாங்காய்ப் பூட்டு. சாவி அம்மாவின் மடியில். யாரும் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா உதைத்து எந்தப் பானையும் உடையவில்லை. கஞ்சி மட்டும் நாளுக்கு நாள் தண்ணீராகிக்கொண்டே வந்தது. பன்னிரண்டாம் நாள் முதல் பஸ்ஸுக்கு அத்தை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தேன்.

அப்பா ராத்திரி ஷிப்டு முடித்து வந்து, "எங்க தங்கச்சி?" என்றார். "போயிருச்சு" என்றாள் அம்மா. "நான் இருந்திருந்தா விட்டிருப்பனா?" என்று சத்தம் போட்டார். அன்றைக்குச் சாப்பிடவில்லை. எனக்கு அவர்மேல் அப்போது பெரிய மரியாதை வந்தது. பல வருஷம் கழித்துத்தான் உறைத்தது: அந்தப் பூட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான். எதற்கு என்று கேட்காமல் கொடுத்தார்.

அதே அம்மாதான் வாசல் சாத்துகிற காட்சியில் என் தலையில் கண்ணீர் சொட்ட அழுதவள். அதில் பாசாங்கு இல்லை. அவள் தன் அண்ணன் வீட்டு வாசலை நினைத்து அழுதாள். தன் வீட்டு வாசலில் அவள் வேறொருத்தி. சாக்கு விரிப்பில் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு பெண்ணும் பிறந்த வீட்டில் நல்லதங்காள், புகுந்த வீட்டில் மூளி அலங்காரி. ஒரே உடம்பில் இருக்கிற இந்த இரண்டு பேரையும் இரண்டு பாத்திரமாக வெட்டிவைத்து, ஒருத்திக்காக அழவும் மற்றவளை எரிக்கவும் செய்தது கதையின் சாமர்த்தியம். வெட்டாமல் விட்டிருந்தால் அவர்கள் மூன்றாவது ஆளைத் திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

1983இல் தாத்தா இறந்தபோது அம்மா தன் பங்கைத் தேடவில்லை. அவர் சொந்தமாக வாங்கிய நிலம். 1956 சட்டப்படி மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு. பத்திர ஆபீசில் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மாமா எடுத்துக்கொடுத்த சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலையோடு வந்தாள். "கோர்ட்டு கேசுன்னு போனா நாளைக்கு அந்த வாசப்படியை எப்படி மிதிக்கிறது?" என்றாள். பங்கை விட்டால் வாசல் திறந்திருக்கும் என்ற நம்பிக்கை. நல்லதங்காளுக்கும் அதே நம்பிக்கைதானே இருந்தது?

சட்டம் அதற்குப் பிறகு நிறைய நகர்ந்திருக்கிறது. 1989இல் தமிழ்நாட்டுத் திருத்தம் பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்திலும் மகளுக்குப் பிறப்புரிமை தந்தது. ஆனால் அதற்கு முன்னால் கல்யாணமானவர்களை விட்டுவிட்டது. 2005 மத்தியத் திருத்தம் அந்தப் பேதத்தை நீக்கியது. அப்பா உயிரோடு இருந்தாரா இல்லையா என்ற சந்தேகத்தையும் 2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு தீர்த்துவைத்தது. கதையில் இல்லாத அந்தச் சொல், பங்கு, இப்போது சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் விடுதலைப் பத்திரம் எழுதுவது நின்றுவிட்டதா? கையெழுத்துப் போடவரும் தங்கைகள் கையில் இன்றும் ஒரு ஜவுளிக்கடைப் பையைப் பார்க்கிறேன். கையெழுத்துப் போட மறுத்தவளைப் பற்றி ஊர் என்ன பேசுகிறது என்பதையும் கேட்கிறேன். "அண்ணன் சரின்னாலும் மதினிக்காரி விடமாட்டா" என்று அதே வசனம்.

9

நல்லதங்காள் தெய்வமாகிவிட்டாளே, பெண்கள் அவளைக் கும்பிடுகிறார்களே, அது அவர்களின் எதிர்ப்புக் குரல் இல்லையா என்று நண்பர் ஒருவர் கேட்டார். கொலையுண்டவர்களைச் சாமியாக்குவது நம் மரபு. அதில் ஊரின் குற்ற உணர்ச்சி இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் உயிரோடு வாசலில் நின்றபோது ஒரு படி தானியம் கொடுக்காத வீடு, செத்தபிறகு பொங்கல் வைப்பதில் எதிர்ப்பைவிடச் சமாதானமே அதிகம். பிள்ளைகளோடு கிணற்றில் விழுந்த தாய் பற்றிய செய்தி வரும்போதெல்லாம் 'நல்லதங்காள்' என்று தலைப்புப் போடுகிற பத்திரிகைகளைப் பாருங்கள். அந்தப் பெயர் வந்ததும் செய்தி கதையாகிவிடுகிறது. யார் கதவைச் சாத்தினார்கள், யார் ஊரில் இல்லை என்று விசாரிக்க வேண்டிய அவசியம் போய்விடுகிறது. அந்தப் பிள்ளைகளின் சாவு விதியாகிவிடுகிறது.

கதைக்குள்ளேயே அதை விதி என்று ஒத்துக்கொள்ளாத ஒருவன் இருக்கிறான். ஏழு பேரில் மூத்தவன். தம்பி தங்கைகள் போவதைப் பார்த்துவிட்டு, "என்னை விட்டுரும்மா" என்று ஓடுகிறான். மாடு மேய்க்கிறவர்கள் பக்கம் ஓடுகிறான். கதை அவனைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுகிறது. அன்றைய ராத்திரி மேடையில் அவன் ஓடியபோது கூட்டத்தில் யாரோ ஒரு கிழவி எழுந்து நின்று, "ஓடிப் போயிருடா, நில்லாம ஓடு" என்று கத்தியது இப்போதும் கேட்கிறது. சுற்றி இருந்தவர்கள் சிரித்து அவளை உட்காரவைத்தார்கள்.

அத்தை மூன்று பிள்ளைகளையும் வளர்த்துவிட்டாள். எங்கள் வீட்டுக்கு மட்டும் அதற்குப் பிறகு அவள் வரவில்லை. அப்பா சாவுக்கு வந்தாள். வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனாள். உள்ளே வா என்று அம்மா இரண்டு தடவை கூப்பிட்டாள். அந்தத் தகரப் பெட்டி இப்போது என்னிடம் இருக்கிறது. பூட்டு துருப்பிடித்துவிட்டது. சாவியைக் காணோம்.